காட்டுப்பன்றி வேட்டைக்கு எந்தக் குண்டு? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உரிமம் கைக்கு வந்துவிட்டது, ரைஃபிளும் வாங்கியாயிற்று. அடுத்த குழப்பம் தோட்டா விற்கும் கடையில் காத்திருக்கும். ஒரே காலிபரில் (குண்டின் விட்டத்தை வைத்துச் சொல்லும் அளவு) வரிசையாகப் பெட்டிகள். ஒன்றின் விலை இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு. எல்லாவற்றின் மேலும் ஏதோ ஒரு விலங்கின் படம். யாரையாவது கேட்டால், "பெரிய காலிபராக வாங்கு, பன்றிக்குத் தோல் தடிமன்" என்பார். இன்னொருவர், "குறி சரியாக இருந்தால் எதுவும் போதும்" என்பார். இரண்டிலும் பாதிதான் உண்மை. பெட்டி மேல் இருக்கும் எழுத்துகளுக்கு என்ன பொருள், எந்தக் குண்டு பன்றியின் உடலுக்குள் என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாக விசாரித்துத் தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதை நீங்களும் பட வேண்டியதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: காலிபரைவிட, குண்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பன்றியின் உடல் அமைப்பு அப்படி.

பெட்டியில் வாங்குவதைத் தோட்டா என்றும், அதிலிருந்து பேரல் வழியாகப் பறந்து போகும் முனைப்பகுதியை மட்டும் குண்டு என்றும் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்கிறேன்.

1. தோட்டா வாங்கும் முன் காகிதங்களைச் சரிபாருங்கள்

எந்தக் குண்டு நல்லது என்று ஆராய்வதற்கு முன், எந்தக் குண்டை உங்களுக்குச் சட்டம் அனுமதிக்கிறது என்று பாருங்கள். பல நாடுகளில் பன்றிக்குக் குறைந்தபட்ச அளவு எழுதியே வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் காட்டுப்பன்றிக்கு 6.5 மில்லிமீட்டருக்குக் குறைந்த காலிபர் கூடாது. 100 மீட்டரில் குண்டுக்கு 2000 ஜூல் ஆற்றலாவது இருக்க வேண்டும். ஆக, வேறு இடங்களில் பன்றிக்குப் பரவலாகப் பயன்படும், அங்குலக் கணக்கில் பெயர் வைத்த .223, .243 காலிபர்கள் இரண்டும் அதைவிடச் சிறியவை என்பதால் அங்கே செல்லாது. ஸ்வீடனில் குண்டின் எடையையும் சேர்த்துப் பார்ப்பார்கள்: 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 100 மீட்டரில் 2000 ஜூல் போதும், 9 கிராம் முதல் 10 கிராமுக்குள் என்றால் 2700 ஜூல் வேண்டும்.

ஈயம் இன்னொரு பொறி. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த விலங்கைச் சுடுவதற்கும் ஈயக் குண்டு கூடாது. டென்மார்க்கில் 2024-இல் ரைஃபிள் குண்டுக்கும் அந்தத் தடை வந்துவிட்டது. விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஈயத் தோட்டா பத்துப் பெட்டி வாங்கி வைத்துவிட்டு, நீங்கள் போகும் நிலத்தில் அது செல்லாது என்று பிறகு தெரிந்தால் போட்ட பணம் முடங்கிவிடும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அரசு அனுமதித்தவர்களைத் தவிர வேறு யாரும் காட்டுப்பன்றியைச் சுட முடியாது. துப்பாக்கி உரிமம் இருப்பது வேட்டைக்கான அனுமதி ஆகாது. இந்தக் கட்டுரை வேட்டை சட்டப்படி நடக்கும் இடங்களுக்கானது.

கையில் இருக்க வேண்டியவை: துப்பாக்கி உரிமம், வேட்டை உரிமம், பன்றிக்குத் தனி அனுமதிச்சீட்டு கேட்கும் இடமானால் அது, நில உரிமையாளரின் அனுமதி. கடைசியில் சொன்னதை வாய்வார்த்தையாக விடாதீர்கள். எந்த நிலம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, இரவில் சுடலாமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பன்றி பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் மேய வரும். ஆனால் இரவு வேட்டை, வெப்பப்பட ஸ்கோப் (உடல் சூட்டைக் காட்டும் குறிநோக்கி), ஒலி குறைப்பான் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பல இடங்களில் தனித்தனி விதி உண்டு. பகலுக்கு வாங்கிய அனுமதி இரவுக்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

காலக்கணக்கில் இதுதான் நீளமான கட்டம். உரிமம் கைக்கு வர வாரக்கணக்கிலும் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். பருவம் தொடங்குவதற்கு முந்தைய மாதம் போய் நிற்காதீர்கள். பல ஊர்களில் உரிமத்தில் எழுதியிருக்கும் காலிபருக்கு மட்டும்தான் தோட்டா விற்பார்கள். அதனால் விண்ணப்பம் எழுதும்போதே காலிபரை முடிவு செய்துவிட வேண்டும்.

2. பன்றியின் உடலைத் தெரிந்துகொள்ளுங்கள்

மான் வேட்டையிலிருந்து பன்றிக்கு வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மானுக்குத் தோளுக்குச் சற்றுப் பின்னால், உடலின் நடு உயரத்தில் குறி வைப்பார்கள். பன்றியை அதே இடத்தில் சுட்டால் குண்டு நுரையீரலின் பின்னோரத்தைத் தொட்டுக்கொண்டோ, ஈரலிலோ இரைப்பையிலோ போய்விடும். பன்றியின் நெஞ்சறை முன்பக்கமாகத் தள்ளி, கீழே இறங்கி இருக்கிறது. இதயம் ஏறக்குறைய முன்னங்காலின் முழங்கை மூட்டு உயரத்தில், இரண்டு கால்களுக்கும் நடுவில் கிடக்கிறது.

அப்புறம் முதுகு. தோளுக்கு மேல் சிலிர்த்து நிற்கும் மயிரும் திமில் போன்ற மேடும் சேர்ந்து பன்றியை உண்மையைவிட உயரமாகக் காட்டும். முதுகெலும்போ கழுத்துப் பக்கம் வரும்போது நன்றாகக் கீழே இறங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் உருவத்தின் நடுவைக் குறி பார்த்தால், உண்மையில் அது மேல்பகுதி.

முதிர்ந்த ஆண்பன்றிக்கு இன்னொன்றும் உண்டு. தோளிலிருந்து விலா வரை தோலுக்கு அடியில் கெட்டியான, நார்நாரான ஒரு தடுப்பு வளரும். வேட்டைக்காரர்கள் அதைக் கேடயம் என்பார்கள். ஆண்பன்றிகள் தமக்குள் கோரைப்பல்லால் குத்திக்கொள்ளும்போது காப்பது அதுதான். சில ஆண்பன்றிகளுக்கு இது விரற்கடைக்கு மேல் தடித்திருக்கும். கத்தியால் அறுத்துப் பார்த்தால் காய்ந்த டயரை அறுப்பது போல இருக்கும். சரியான ரைஃபிள் குண்டை இது நிறுத்தாது. ஆனால் மெல்லிய உறை கொண்ட, வேகமாகச் சிதறும் இலேசான குண்டு இந்தக் கேடயத்திலும் அதன் அடியில் இருக்கும் தோள் எலும்பிலும் பட்டால் அங்கேயே உடைந்து, நெஞ்சறைக்குள் போக வேண்டியது போகாமல் நின்றுவிடலாம்.

கடைசியாக, கொழுப்பும் மயிரும். குண்டு நுழைந்த சிறு துளையைக் கொழுப்பு அடைத்துக்கொள்ளும். கசியும் கொஞ்ச ரத்தத்தையும் அடர்ந்த மயிர் உறிஞ்சிக்கொள்ளும். இதயத்தில் அடிபட்ட பன்றிகூட ஐம்பது, நூறு மீட்டர் ஓடிப் புதருக்குள் விழலாம்; தரையில் ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. அதனால்தான் பன்றிக்குக் குண்டு மறுபக்கம் வெளியேற வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள். நுழைந்த துளையைவிட வெளியேறும் துளை பெரியது. அது உடலின் கீழ்ப்பகுதியில் அமைந்தால் தேடிப் போக ஒரு தடம் கிடைக்கும்.

3. குண்டின் வகைகளைப் பிரித்தறியுங்கள்

பெட்டியில் மூன்று செய்திகள் இருக்கும்: காலிபர், குண்டின் எடை, குண்டின் வகை. எடை கிரெயினில் இருக்கும். 1 கிரெயின் 0.065 கிராம், 150 கிரெயின் என்றால் 9.7 கிராம், 180 என்றால் 11.7 கிராம். வகையைத்தான் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முழு உறைக் குண்டு, பெட்டியில் எஃப்.எம்.ஜே. என்று இருக்கும். இது பயிற்சிக்கு மட்டும். உடலுக்குள் விரியாது. பென்சில் பருமனில் ஒரு துளை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். பன்றி வெகுதூரம் ஓடி, வதைபட்டுச் சாகும். பல நாடுகளில் வேட்டைக்கு இதைத் தடையே செய்திருக்கிறார்கள். விலை குறைவு என்பதால் புதியவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். வேண்டாம்.

சாஃப்ட் பாயிண்ட், அதாவது எஸ்.பி. அல்லது ஜே.எஸ்.பி. செம்பு உறைக்குள் ஈயக்கரு இருக்கும், முனையில் ஈயம் வெளியே தெரியும். தசையில் பட்டதும் முனை மழுங்கி விரியும். நடுத்தர வேகமுள்ள காலிபரில், போதிய எடையில் வாங்கினால் பெரும்பாலான பன்றிக்கு இதுவே நன்றாக வேலை செய்யும். செலவும் கட்டுப்படியாகும். பலவீனம் என்னவென்றால், அருகில் நின்று அதிவேகத்தில் கனத்த எலும்பில் அடித்தால் உறையும் கருவும் பிரிந்துவிடும் வாய்ப்பு.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவை பாண்டட் குண்டுகள். இவற்றில் உறையும் ஈயமும் பிரியாதபடி ஒட்டப்பட்டிருக்கும். விரிந்த பிறகும் எடையில் பெரும்பங்கைத் தக்கவைத்துக்கொண்டு ஆழமாகப் போகும். நடுவில் செம்புத் தடுப்பு வைத்த குண்டுகளும் உண்டு. அவற்றில் முன்பாதி விரிந்து உடைந்தாலும் பின்பாதி அப்படியே நேராகப் போகும். பெரிய ஆண்பன்றியைத் தோள் எலும்பில் அடிக்க நேரும் என்றால் நான் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பேன்.

முழுச் செம்புக் குண்டில் ஈயமே கிடையாது. முனையில் ஒரு குழி இருக்கும். விரியும்போது அது இதழ் இதழாகப் பின்னால் மடங்கும். எடை கிட்டத்தட்ட முழுதாகத் தங்கும், ஊடுருவலும் அதிகம். அதனால் ஈயத்தில் வழக்கமாக எடுப்பதைவிட ஒருபடி எடை குறைந்ததை எடுக்கலாம். .308 காலிபரில் ஈயம் 165 அல்லது 180 கிரெயின் என்றால் செம்பில் 150 போதும். பலவீனம்: வேகம் குறைந்தால் சரியாக விரியாது. அதை அடுத்த படியில் பார்ப்போம்.

இனி பொறி. பெட்டியில் எச்.பி. (முனையில் குழி உள்ள குண்டு) என்று இருந்தாலே வேட்டைக் குண்டு என்று நம்பிவிடாதீர்கள். இலக்குச் சுடும் போட்டிக்கான குண்டுகளின் முனையிலும் சிறு துளை இருக்கும். பெட்டியில் மேட்ச், பி.டி.எச்.பி., ஓ.டி.எம். என்று போட்டிருப்பார்கள். அந்தத் துளை விரிவதற்காக வைத்ததல்ல, குண்டைச் செய்யும் முறையில் வருவது. உடலுக்குள் அது ஒருமுறை சிதறும், ஒருமுறை விரியாமலே போகும்; நம்ப முடியாது. அதேபோல வார்மின்ட் என்று எழுதிய குண்டுகள் முயல், நரி போன்ற சிறு விலங்குகளுக்கானவை. தோலைத் தாண்டியதும் வெடித்துச் சிதறும்படி செய்தவை. பன்றியின் தோளில் பட்டால் அகலமான, ஆழமில்லாத காயம்தான் மிஞ்சும். பிளாஸ்டிக் முனை வைத்த குண்டுகள் வார்மின்ட்டிலும் உண்டு, பாண்டட்டிலும் உண்டு, செம்பிலும் உண்டு. முனையின் நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. தயாரிப்பாளர் அந்தக் குண்டை எந்த எடையுள்ள விலங்குக்கு என்று குறித்திருக்கிறார் என்று பாருங்கள்.

4. உங்கள் தூரத்துக்கு வேகம் போதுமா என்று கணக்குப் பாருங்கள்

எந்த விரியும் குண்டுக்கும் ஒரு வேக எல்லை உண்டு. அதற்குக் கீழே போனால் விரியாது. அதற்கு மேல் மிகவும் தாண்டினால் உடையும். வழக்கமான ஈயக் குண்டுகள் பெரும்பாலும் வேகம் நொடிக்கு 550 மீட்டராகக் குறையும் வரை நன்றாக விரியும். முழுச் செம்பில் பலவற்றுக்கு 550 முதல் 600 வரை தேவைப்படும். தயாரிப்பாளர் கொடுக்கும் எண்ணே கடைசி வார்த்தை. அவர்களுடைய அட்டவணையில் தேடிப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. .308 வின்செஸ்டரில் 150 கிரெயின் சாஃப்ட் பாயிண்ட் பேரலை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு ஏறத்தாழ 860 மீட்டர். 100 கெஜத்தில் 770, 200 கெஜத்தில் 690, 300 கெஜத்தில் 610. ஈயக் குண்டுக்கு 300 கெஜத்திலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. விரிய அதிக வேகம் தேவைப்படும் செம்புக் குண்டு என்றால் அந்தத் தூரத்தில் விளிம்பில் நிற்கிறது. ஆனால் பெரும்பாலான பன்றிகளைச் சுடுவது 100 மீட்டருக்குள்தான். அங்கே இரண்டுமே தாராளம்.

கவனிக்க வேண்டியது பேரலின் நீளம். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைப் பேரலில் அளந்தது. உங்கள் ரைஃபிளில் 16 அங்குலம் என்றால் ஒவ்வோர் அங்குலத்துக்கும் காலிபரைப் பொறுத்து நொடிக்கு 6 முதல் 15 மீட்டர் வரை கழித்துக்கொள்ளுங்கள். எட்டு அங்குலத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் அது சின்னக் கழிவல்ல.

.300 பிளாக்கவுட் என்ற காலிபரில் ஒலியைவிட மெதுவாகப் போகும் சத்தம் குறைந்த தோட்டா பலருக்கு ஆசை காட்டும். நொடிக்கு 320 மீட்டர் அளவில் பறக்கும் அந்தக் குண்டு, அந்த வேகத்திலேயே விரியும்படி தனியாகச் செய்ததாக இருந்தால் ஒழிய, முழு உறைக் குண்டு போலத் துளை மட்டும்தான் போடும். தொடக்கத்தில் இதைத் தொடவே வேண்டாம். இன்னோர் ஆபத்து: .300 பிளாக்கவுட் தோட்டா .223 ரைஃபிளின் அறைக்குள் சில நேரம் நுழைந்துவிடும். விசையை இழுத்தால் துப்பாக்கி வெடிக்கும். இரண்டும் உங்களிடம் இருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் போடாதீர்கள். மேகசின்களில் வெவ்வேறு நிற நாடா ஒட்டிவிடுங்கள்.

.223 சட்டப்படி செல்லும் இடத்தில் அதைப் பயன்படுத்தலாமா? 55 கிரெயின் குண்டுக்குக் கிளம்பும்போதே 1740 ஜூல்தான்; .308-இன் 150 கிரெயினுக்கு 3590. குட்டிகளுக்கும் நடுத்தரப் பன்றிகளுக்கும், அருகிலிருந்து, பாண்டட் அல்லது செம்புக் குண்டோடு என்றால் முடியும். முதல் ரைஃபிளாக வாங்குபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

5. இரண்டு வகை வாங்கி, உங்கள் ரைஃபிளில் சோதியுங்கள்

ஒரே காலிபர், ஒரே எடை என்றாலும் ஒவ்வொரு ரைஃபிளும் ஒவ்வொரு தோட்டாவை ஒவ்வொரு மாதிரி சுடும். அதனால் எடுத்த எடுப்பில் மொத்தமாக வாங்காதீர்கள். இரண்டு வகையில் ஒவ்வொரு பெட்டி. 100 மீட்டரில், ஆறிய பேரலில், மும்மூன்று குண்டாகச் சுடுங்கள். சூடேறிய பேரலில் சுட்டுக்கொண்டே போனால் அது உங்களுக்கு உண்மையைச் சொல்லாது; வேட்டையில் நீங்கள் சுடப்போவது ஆறிய பேரலில் முதல் குண்டு. மூன்றும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கினால் நெருங்கிய தூரத்துப் பன்றிக்குப் போதும். ஆனால் அதைவிட நன்றாகச் சுடும் பெட்டி எது என்று பார்த்து அதைத் தேர்ந்தெடுங்கள்.

காகிதத்தில் விழுந்த துளைகளை அருகில் போய்ப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் சாவித்துளை போல நீண்டிருந்தால் குண்டு தள்ளாடிப் போகிறது என்று பொருள். பேரலின் உள்முறுக்கு (குண்டைச் சுழற்றிவிடும் திருகு வரிகள்) அந்தக் குண்டின் நீளத்துக்குப் போதவில்லை. செம்பு ஈயத்தைவிட இலேசானது; அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். அதனால் ஈயத்தில் ஒழுங்காகச் சுட்ட ரைஃபிள் செம்பில் தடுமாறலாம். எடையைக் குறைத்துப் பாருங்கள், சரியாகிவிடும்.

குண்டு எப்படி விரிகிறது என்று பார்க்க, சுடுதளம் அனுமதித்தால், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கேன்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துச் சுடலாம். கிடைத்த குண்டைச் சிறு தராசில் நிறுங்கள். 9.7 கிராம் குண்டு 5.8 கிராமாகத் திரும்பி வந்தால் 60 விழுக்காடு தங்கியிருக்கிறது. தண்ணீர் தசையைவிடக் கடுமையான சோதனை. இதில் சிதறாமல் வருவது பன்றியிலும் பெரும்பாலும் சிதறாது. ஆனால் இதில் அழகாக விரிவது குறைந்த வேகத்திலும் அப்படியே விரியும் என்பதற்கு இது சான்றல்ல.

செலவைப் பற்றி. பாண்டட்டும் செம்பும் சாதாரண சாஃப்ட் பாயிண்ட்டைவிட விலை கூடுதல், சிலவற்றில் இரண்டு மடங்கும் ஆகும். ஆனால் ஒரு பருவத்தில் பன்றியை நோக்கிச் சுடும் குண்டுகள் ஒன்றிரண்டு பெட்டியைத் தாண்டாது. பணம் கரைவது பயிற்சியில். பயிற்சிக்கு அதே எடையில் மலிவான முழு உறைக் குண்டை வாங்கிக்கொள்ளுங்கள். வேட்டைக்கு முன் விலை கூடிய குண்டில் மீண்டும் ஸ்கோப்பைச் சரிபார்த்தே ஆக வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் விழும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பிடித்துப்போன வகை கிடைத்ததும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தொகுதி எண்ணைப் பார்த்து, அதே எண்ணில் ஒரு பருவத்துக்கு வேண்டியதை ஒரேயடியாக வாங்கிவிடுங்கள். பருவம் தொடங்கும் வாரத்தில் அலமாரி காலியாகிவிடும். வேட்டைக்கு ஒன்றரை மாதம் முன்பே இந்தச் சோதனையை முடித்துவிட்டால் பதற்றம் இருக்காது.

6. குறியும் கோணமும்

எவ்வளவு நல்ல குண்டும் தவறான இடத்தில் வீண். பன்றி பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலின் நேர்கோட்டில் மேலே போய், உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவுதான். பின்பக்கம் லேசாகத் திரும்பி நின்றால், மறுபக்கத்து முன்னங்காலை மனத்தில் வைத்து அதை நோக்கிச் சுடுங்கள். நேர் எதிராக நிற்கும்போதும், முழுக்கப் பின்புறம் காட்டும்போதும் காத்திருங்கள். தலையில் சுட ஆசைப்பட வேண்டாம். மூளை சிறியது, தலை ஓயாமல் அசையும். கொஞ்சம் விலகினால் தாடை உடைந்த பன்றி பல நாள் பட்டினி கிடந்து சாகும்.

குண்டு வெளியேற வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுத்திருக்கிறோம். அப்படியானால் அது வெளியேறியபின் எங்கே போகும் என்பதும் நம் பொறுப்பு. பன்றிக்குப் பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் சுடக் கூடாது. கூட்டமாக நிற்கும்போது பின்னால் இன்னொரு பன்றி இருந்தாலும் அப்படியே. குட்டிகளோடு வரும் தாயை விட்டுவிடுங்கள்.

7. சுட்ட பிறகு

உடனே ஓடாதீர்கள். பன்றி நின்ற இடத்தையும் ஓடிய திசையையும் ஒரு மரத்தையோ கல்லையோ வைத்து அடையாளம் பிடித்துக்கொண்டு, அடுத்த தோட்டாவை ஏற்றி, அரை மணி நேரம் இருங்கள். பிறகு நின்ற இடத்தில் தேடுங்கள். நுரையோடு வெளிர்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். பன்றி பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சை கலந்து நாற்றம் அடித்தால் வயிறு. இதற்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும், பழகிய நாய் இருந்தால் அழைத்துவருவது நல்லது. மயிர் மட்டும் கிடந்து ரத்தம் இல்லை என்றால் குறி தப்பிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கொழுப்பு துளையை அடைத்திருக்கலாம். ஓடிய வழியில் நூறு மீட்டராவது, தரையை மட்டும் பார்க்காமல் புல்லின் பக்கவாட்டையும் பார்த்துக்கொண்டு போங்கள். பன்றியின் உடல் உரசிய உயரத்தில் ரத்தம் பூசியிருக்கும். காயம்பட்ட ஆண்பன்றி திரும்பித் தாக்கும். அடர்புதருக்குள் இருட்டில் தனியாகப் போகவே கூடாது.

உடலைத் திறக்கும்போது கையுறை கட்டாயம். காட்டுப்பன்றியிலிருந்து புருசெல்லா கிருமி மனிதருக்குத் தொற்றும். குண்டு போன வழியை விரலால் தொடர்ந்து பாருங்கள்: எந்த எலும்பு உடைந்தது, எங்கே விரியத் தொடங்கியது, வெளியேறிய துளை எவ்வளவு அகலம். தூரத்தையும் குண்டின் வகையையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பெட்டி வாங்கும்போது கடைக்காரர் சொல்வதைவிட இந்த நோட்டு உதவும்.

ஈயக் குண்டு என்றால் காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள்கள் காயத்தை விட்டுத் தள்ளியும் பரவியிருக்கும். வீட்டில் குழந்தைகளோ கர்ப்பிணியோ இருந்தால் செம்புக் குண்டுக்கு மாறிவிடுவதே நல்லது. காட்டுப்பன்றி இறைச்சியில் ட்ரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். காட்டு விலங்குகளில் வரும் அதன் சில வகைகள் உறைபெட்டியில் வைத்தாலும் சாகாது; உள்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தொடும்வரை வேக வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இறைச்சியை விற்பதற்கு முன் ட்ரிக்கினெல்லா சோதனை கட்டாயம். முடிவு வரும்வரை இறைச்சியைக் குளிரில் வைத்துக் காத்திருக்க வேண்டும். எனவே சோதனைக்கு இறைச்சி மாதிரியைப் பெற்றுக்கொள்ளும் இடம் எது, எந்தக் கிழமைகளில் திறந்திருக்கும், கட்டணம் எவ்வளவு என்று வேட்டைக்குக் கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.